நான்காவது ராஜினாமா

என் வீட்டுக்காரர் சபைக்கு எழுதிக் கொடுத்த நான்காவது ராஜினாமாக் கடிதத்தை ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரே கண்டெடுத்தார். கோயிலில் போதகர் அங்கி மாற்றுகிற அறையில் ஒரு மேசை இருக்கிறது. அது ஆடுகிறது என்று யாரோ சொன்னார்களாம். சரிசெய்யப் போனவர் குனிந்து பார்த்தால், குட்டைக் காலுக்கு அடியில் எட்டாக மடித்த காகிதம். பிரித்துப் பார்த்தால் அவர் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஒரு மரத்துண்டைச் சீவி வச்சேன். இப்ப ஆடல."

"கடுதாசி?"

"பையில இருக்கு."

அதாவது, தன் ராஜினாமாவை உருவி எடுத்துவிட்டு, அந்த மேசையையும் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். முப்பத்தாறு வருஷமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். எனக்கு ஏன் தலை சீக்கிரம் நரைத்தது என்று யாரும் இனிமேல் கேட்க வேண்டாம்.

எங்கள் லுத்தரன் சபையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரெடி அண்ணன்'தான். தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி எதைச் சொன்னாலும் "ரெடி சார்" என்பாராம். அது அங்கே ஒட்டிக்கொண்டு, அப்படியே கோயில் வரைக்கும் வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த வாரத்தில் அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். விவரம் தெரியாத வயது.

அவர் பிறந்தது ஒரு பால் பண்ணையில். பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பதினொரு மாடு, கொஞ்சம் புல் நிலம், மழைக்கு ஒழுகுகிற ஒரு கொட்டகை. அம்மா சீக்கிரமே போய்விட்டார். அப்பா, அக்கா, இவர் என்று மூன்றே பேர். காய்ச்சல் என்று படுத்தால் அப்பா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஆமா, சுடுது" என்பாராம். பிறகு வாளியைக் கையில் கொடுப்பாராம். கொடுமைக்காரர் இல்லை. தனக்குக் காய்ச்சல் அடித்தாலும் அவர் அப்படித்தான். மடி கனத்துவிட்டால் மாடு காத்திருக்காது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து கறந்து முடிப்பார்கள். பிறகு கைகால் கழுவி, மூன்று பேரும் கோயிலுக்கு நடப்பார்கள். ஞானோபதேசத்தின் கேள்வி பதில்களை இவர் பாடம் செய்ததும் கொட்டகையில்தான். மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு இவர் ஒப்பிக்க, அடுத்த மாட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பா திருத்துவார். கடவுள், மாடு, வேலை மூன்றும் இவருக்குள் ஒரே வாசனையோடு போயிருக்கின்றன என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அக்கா இவருக்கு நாலு வயது மூத்தவர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, பண்ணைக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அக்கா நின்றதால் சில வருஷம் கழித்து இவர் நகரத்துக்கு வந்து தொழிற்கல்வி படித்தார். பம்ப் ஆபரேட்டர் ஆனார். "அக்கா நின்னுச்சு, அதனால நான் படிச்சேன்" என்கிற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட அவர் முகம் சுளிக்காததற்குக் காரணம் அந்த வாக்கியம்தான். ஒருவர் தனக்காக எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார், அதனால் தான் யாருக்கும் முடியாது என்று சொல்லக் கூடாது. இப்படி ஒரு கணக்கு அவர் மண்டைக்குள்.

தண்ணீர் நிலையத்தில் முப்பத்துநாலு வருஷம். மூன்று பெரிய பம்புகள். வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே எதில் பேரிங் தேய்கிறது என்று சொல்லுவார். ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. அது அவர் வேலை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் குறை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் கோயிலில் மணியடிக்கிறவர் படுத்துக்கொண்டார். அப்போதிருந்த போதகர் இவரைக் கூப்பிட்டு, "ரெண்டே ரெண்டு வாரம்" என்று கேட்டார். அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை. மணியோடு கதவு திறப்பது சேர்ந்தது. கதவோடு விளக்கு, விளக்கோடு மைக், பலகையில் பாட்டு எண்களை மாட்டுவது, ஞானஸ்நானத் தண்ணீரைக் குழந்தைக்குச் சில்லிடாமல் வெதுவெதுப்பாக்கி வைப்பது, திருவிருந்துப் பாத்திரங்களை எடுத்து வைப்பது, சாக்கடை அடைப்பு, கூரை, புறாக்கள். ஆராதனை நடக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருப்பார். தேவனைத் தேடுகிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். அவர் மின்விசிறியின் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் மகள் திடப்படுத்தல் பெற்று, சபையில் முழு உறுப்பினராகச் சேர்ந்த நாளில் எடுத்த படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மகள், நான், போதகர், என் தம்பி குடும்பம். இவர் இல்லை. அந்த நேரத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு குழிக்குள் இடுப்பளவு இறங்கி அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

சரி, வயதானால் தானாக விடுவார் என்று இருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கோயில் வேலை இன்னும் கூடியது. "இப்பதான் அண்ணன் ஃப்ரீயாச்சே."

எட்டு மாதத்துக்கு முன் என் நாத்தனார் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளாமல் அதே பண்ணையில் தனியாக இருக்கிறவர். மாடுகள் குறைந்து குறைந்து இரண்டாகியிருந்தன. அறுவைச் சிகிச்சை முடிந்து நடைச்சட்டம் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வாரத்தில் ஆறு நாள் பக்கத்துப் பண்ணைப் பெண் வந்து கறந்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளால் வர முடியாது, அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. ஒரு புதன்கிழமை இவர் பார்க்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஞாயிறுதோறும் அக்கா நடைச்சட்டத்தை மாட்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் பாரம் போட்டு உட்கார்ந்து தானே கறந்திருக்கிறார்.

திரும்பி வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. மேசையில் உட்கார்ந்து முதல் ராஜினாமாவை எழுதினார். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனால் ஞாயிறு காலையும் மாலையும் கறந்துவிட்டுத் திரும்பலாம் என்று கணக்கு.

முதல் கடிதத்தை வாங்கிக்கொண்ட போதகர், "இதுக்காக ஜெபிப்போம்" என்றார். ஜெபித்தார், பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டாவதை வாங்கிய புதுப் போதகர், "நான் இப்பதானே வந்திருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியாதே, ஒரு மூணு மாசம் கூட இருங்களேன்" என்றார். மூன்றாவதைச் சபைக் குழுவில் வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். இத்தனை வருஷம் உழைத்திருக்கிறாரே என்று. தட்டி முடித்துவிட்டு, வரும் வாரத்துக்குக் கூரையில் ஏறி ஓடு மாற்றச் சொன்னார்கள். நான்காவது என்ன ஆனது என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை நானே கிளம்பினேன். சபைத் தலைவருக்கு மருந்துக் கடை. மூன்று பேருக்கு மாத்திரை கொடுத்து அனுப்பும் வரை நின்றேன். பிறகு அந்த மடித்த காகிதத்தை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தேன்.

அவர் பிரித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. "யாரோ கவனிக்காம வச்சிருக்காங்கம்மா. தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டாப் போதுமா? இது நாலாவது."

"கோவப்படாதீங்க. நான் ஒண்ணு கேக்கறேன். அண்ணன் நெஜமாவே விடணும்னு நெனைக்கிறாரா?"

"இல்லன்னா எதுக்கு எழுதறாரு, கையெழுத்து அழகாகணும்னா?"

"நேத்து தண்ணித் தொட்டி மோட்டார் நின்னுபோச்சு. ஃபோன் பண்ணேன். கால் மணி நேரத்துல வந்துட்டாரு. போன வாரம் கடுதாசி குடுத்தவரு ஏன் வந்தாரு? எழுதறது ஒரு கை, ரிப்பேர் பாக்கறது ஒரு கை. நாங்க எந்தக் கைய நம்பறது?"

காகிதத்தை மறுபடி எட்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்றுதான் என்னை அதிகமாக எரிச்சல்படுத்தியது. அந்த ஆள் சொன்னது சரி.

வீட்டுக்கு வந்ததும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை. அத வாயால சொன்னா என்ன?"

"அதான் எழுதிக் குடுத்திருக்கேனே."

"எழுதறவருக்கு வாய் இல்லையா?"

"ஃபோன எடுக்கும்போது முடியாதுன்னு சொல்லணும்னுதான் எடுக்கறேன். எடுத்தா வேற மாதிரி வந்துடுது." சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். என்ன செய்வது, அந்தக் கைகளைத்தானே நானும் கட்டிக்கொண்டேன்.

என் பேச்சு வீணாகவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் அறிவித்தார்கள். ரெடி அண்ணன் பொறுப்பை இனி மூன்று பேர் பார்த்துக்கொள்வார்கள்: ஒரு வங்கி ஊழியர், ஒரு பள்ளி ஆசிரியர், பாடகர் குழுவில் தடித்த குரலில் பாடுகிற ஒரு தையல்காரர். இவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாச் சாவிகளையும் காட்டினார். மூன்று பேரும் தலையாட்டினார்கள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். இரண்டரை மணி நேரம். ஞாயிறு விடிந்ததும் நான் கொட்டகை வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் முதல் மாட்டுக்கடியில் குந்தி, விலாவில் நெற்றியை வைத்தார். கண் மூடியிருந்தது. வாளியில் பால் விழுகிற சத்தம் சீராகக் கேட்டது. இத்தனை வருஷத்தில் இவர் முகத்தை இவ்வளவு தளர்வாக நான் பார்த்ததே இல்லை.

ஃபோன் அடித்தது.

"அண்ணே, மணிக்கயிறு மேல சிக்கிடுச்சு" என்றார் வங்கி ஊழியர். இவர் கறந்துகொண்டே வழி சொன்னார். ஐந்து நிமிஷத்தில் ஆசிரியர். மைக் கரகரக்கிறது. அதற்கும் சொன்னார். மூன்றாவது முறை நான் எடுத்தேன்.

"அவரு மாட்டுக்கடியில இருக்காரு" என்றேன்.

"ஐயோ, அடிபட்டுடுச்சா?" என்றார் தையல்காரர்.

இல்லை, கறக்கிறார் என்று சொல்லி வைக்கும்போது நாத்தனார் நடைச்சட்டத்தைத் தட்டித் தட்டி உள்ளே வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் பார்வை பழைய பார்வைதான். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"என் முக்காலி எங்க?"

"அந்த மூலையில வச்சிருக்கேன்க்கா. வழியில இருந்துச்சு."

"கயிறெல்லாம் யார் மாத்திக் கட்டுனது?"

"நான்தான். வரிசையா இருக்கட்டும்னு."

"தாழ்ப்பாள்?"

"எண்ணெய் போட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "டேய், நீ வந்தா எனக்கு ஒரு மாடு கூடுன மாதிரி இருக்கு. மாடாவது சொன்ன பேச்சக் கேக்கும். உன்ன யாரு வரச் சொன்னது?"

இவர் வாளியைக் கீழே வைத்தார். "ஒத்தக் கால்ல உக்காந்து கறக்கற. நான் பாத்துட்டுச் சும்மா இருக்கணுமா? எனக்காகப் படிப்ப விட்டவ நீ."

"யாரு சொன்னா?"

"அப்பா சொன்னாரு. எத்தனையோ தடவ."

நாத்தனார் முக்காலி இருந்த மூலைக்குத் தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"அப்பாவுக்கு அப்படிச் சொல்றது வசதியா இருந்துச்சு. எனக்குப் பள்ளிக்கூடம் ஆகவே ஆகாது. மாடுன்னா உசுரு. அவருக்கு முட்டி போனதும் ஒருத்தர் நிக்கணும்னு பேச்சு வந்துச்சு. நான் முந்திக்கிட்டேன். ஏன்னா உனக்கும் மாடுன்னா உசுருன்னு எனக்குத் தெரியும். விட்டா நீ கேட்டுடுவ, ஆம்பளப் பையன்னு உனக்கே குடுத்துடுவாரு. அதனால நான் நிக்கறேன், தம்பி படிக்கட்டும்னு நல்லவ மாதிரி சொன்னேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"நீ பெட்டியத் தூக்கிட்டுப் போன அன்னைக்குக் கொட்டகைக்குப் பின்னால நின்னு அழுதியே," என்றார் அக்கா. "எனக்குத் தெரியும். பாத்துட்டு உள்ள போயிட்டேன்."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"நீ கேக்கவே இல்லயே. எது குடுத்தாலும் சரி சரின்னு வாங்கிக்கிட்ட."

அவர் எழுந்து வெளியே போனார். போகும்போது வாளி காலில் இடறிப் பால் கொட்டியது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு துளி சிந்தினாலும் துடித்துப்போகிற மனிதர்.

கொஞ்சம் பொறுத்து நான் பின்னால் போனேன். வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். புல்வெளியில் மாடே இல்லை, இருந்தும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. யார் மேலன்னுதான் தெரியல." வேலிக்கம்பி ஒன்று தளர்ந்திருந்தது, அதை முறுக்கினார். "எனக்கு இங்கதான் இருக்கணும்னு ஆச இருந்துச்சு. கேட்டா அக்காவுக்கு நன்றியில்லாதவன் ஆயிடுவேன்னு கேக்கல. இத்தன வருஷம் பம்ப் சத்தத்துக்கு நடுவுல நன்றியோட இருந்திருக்கேன்."

எனக்கும் சுருக்கென்றது. அப்போது என்னோடு வாழ்ந்ததும் அந்த நன்றியில் ஒரு பகுதியா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே காலையில் கேட்டுவிடக் கூடாது.

ஃபோன் அடித்தது. அவரே எடுத்தார். வங்கி ஊழியர், பலிபீடத்துப் பக்கம் விளக்கு எரியவில்லை என்றார்.

"எனக்குத் தெரியாது," என்றார் என் வீட்டுக்காரர். "நீங்களே பாத்துக்கங்க. என்னால முடியாது."

துண்டித்துவிட்டு ஃபோனை என்னிடம் கொடுத்தார். கையை மடக்கி விரித்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஐந்து நிமிஷம் நிறைந்தே இருந்தது. ஆறாவது நிமிஷம் கையை நீட்டினார்.

"குடு. ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. அத மட்டும் சொல்லிடறேன்."

நான் கொடுக்கவில்லை. அன்று முழுக்க ஃபோன் என் பையின் அடியில் கிடந்தது. அவரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அக்காவோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாலையில் கறந்தார், பஸ் ஏறினோம்.

கோயில் இடிந்து விழவில்லை. மணி அடிக்காமல், இருபது நிமிஷம் தாமதமாக, பாதி வெளிச்சத்தில் ஆராதனை நடந்ததாம். திங்கட்கிழமை தலைவர் ஃபோன் பண்ணி, "அண்ணன் இப்படிப் பேசுவாருன்னு நெனைக்கல" என்று வருத்தப்பட்டார். "நாங்களும்தான் நெனைக்கல" என்றேன்.

மூன்று பேரில் ஆசிரியர் ஒரு மாதத்தில் கழன்றுகொண்டார். அவர் இடத்துக்கு ஒரு பேக்கரிக்காரப் பெண் வந்தாள். அவள் இவரை ஒருநாள் உட்கார வைத்து, இருபத்தெட்டு வருஷத்தையும் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். மொத்தம் ஒன்பது பக்கம்தான் வந்தது. இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதே பக்கமா என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். இப்போது கோயில் நன்றாகவே நடக்கிறது, சொல்லப் போனால் முன்பைவிடச் சுத்தமாக இருக்கிறது. அதை நான் அவரிடம் சொல்வதில்லை.

பண்ணைக்கு இரண்டு வாரம் போகாமல் இருந்தார். மூன்றாவது வாரம் பெட்டி கட்டினார். போனதும் அக்காவிடம் நேராகக் கேட்டார்: "ஒரு மாடு எனக்குக் குடு."

"எங்க கொண்டு போவ, உங்க மாடி வீட்டுக்கா?"

"இங்கயே இருக்கட்டும். ஆனா அது என்னுது. நீ தொடக் கூடாது."

அக்கா யோசித்தார். பிறகு சிவப்பு மாட்டைக் காட்டினார். அதுதான் உதைக்கிற மாடு. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இரண்டு கிழங்களும் கொட்டகையில் சண்டை போடுகின்றன, யார் மாடு அதிகம் கறந்தது, யார் முக்காலியை நகர்த்தினது என்று. நடுவில் உட்கார்ந்து கேட்பது என் தலையெழுத்து. அந்தப் பழைய பேச்சை இருவரும் திரும்ப எடுக்கவில்லை. அவர் மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. சில நாள் பஸ்ஸில் திரும்பும்போது தாடை இறுகிவிடுகிறது, அப்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கறந்து முடித்ததும் மூன்று பேரும் அங்குள்ள சின்னக் கோயிலுக்கு நடக்கிறோம். நாத்தனாரின் நடைக்கு ஏற்ப மெதுவாக. அங்கே என் வீட்டுக்காரரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, நாத்தனாரின் தம்பி என்பதற்கு மேல் இப்போது யாருக்கும் அவரைத் தெரியாது. என் பக்கத்தில் உட்காருகிறார். எத்தனையோ ஞாயிறு என் பக்கத்தில் வெறும் கைப்பையை வைத்துக்கொண்டு, இப்படி ஒருநாள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து பாடுவது போலெல்லாம்.

நடப்பது வேறு. முதல் பாட்டு வரைக்கும் விழித்திருக்கிறார். பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் தலை என் தோளில் சாய்கிறது. பத்தாவது நிமிஷத்தில் குறட்டை. முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நாத்தனார் அந்தப் பக்கத்திலிருந்து என்னை முறைக்கிறார், ஏதோ நான்தான் தூங்க வைத்த மாதிரி. நான் முழங்கையால் இடிக்கிறேன்.

கண்ணைத் திறக்காமலே, "கேட்டுட்டுதான் இருக்கேன்" என்கிறார்.